நாம் ஊற்றிய ரப்பர் தரை

நேற்றுக் காலை, நான் வேலை பார்க்கும் இல்லத்தின் செயலாளர் என் மேசைமேல் இரண்டு ரப்பர் துண்டுகளை வைத்துவிட்டு, "புதுக் கட்டடத்துத் தரைக்கு இதுல எது ஆகும்னு நீங்கதான் சொல்லணும்" என்றார். ஒன்று, ஆலையிலேயே அச்சில் வார்த்து வரும் சதுர ஓடு, மாதிரிக்காகப் பலகையில் ஒட்டியது; பசை தடவி வரிசையாக ஒட்டிவிடலாமாம். இன்னொன்று, இடத்திலேயே கலந்து ஊற்றித் தேய்க்கும் தரைக்கான மாதிரி. மதுரையிலிருந்து வந்த விற்பனைக்காரர் கொடுத்துவிட்டுப் போனவை. வெயில் விழுகிற இடத்தில் அரைமணி நேரம் கிடந்ததும் இரண்டாவது துண்டிலிருந்து அந்த வாடை கிளம்பியது. பஸ் டயரும் கசப்பு மருந்தும் கலந்த வாடை. நான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

உன்னிடம் கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்த நொடியில்தான் நீ இல்லை என்பது உறைத்தது. நீ போய் நான்கு வருடம் ஆகப்போகிறது, இன்னும் எனக்கு இந்தத் தடுமாற்றம் தீரவில்லை. போன மாதம் ராஜபாளையம் பஸ்ஸில் போகும்போது உன் பட்டறை நிறுத்தத்தில் எழுந்து நின்றுவிட்டேன். கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

எண்பதுகளில் ராஜபாளையத்துப் பேண்டேஜ் கம்பெனியில் நாம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து துணி சுருட்டினோம். அந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவள் நீ. மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது பஞ்சுத் தூசு படிந்து எல்லோர் புருவமும் வெளுத்திருக்கும். "ஏட்டி, பொண்ணு பாக்க வாரவன் நம்மளக் கெழவின்னு நெனச்சுத் திரும்பிப் போயிருவான்" என்பாய். அப்போதே உனக்கு இருமல் இருந்தது. இதை நான் இப்போது அடிக்கடி எனக்கே சொல்லிக்கொள்கிறேன். இருந்ததுதானே? தேநீர்க் குவளையை மேசையில் வைத்துவிட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டு நிற்பாய். அது பஞ்சினால் வந்த இருமலா, தேநீர் புரையேறியதா என்று அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இன்றைக்கு ஒரு கேள்வியாவது குறைந்திருக்கும்.

உனக்குக் கல்யாணமாகி தேய்ந்த டயருக்குப் புதுத்தோல் ஒட்டும் உன் வீட்டுக்காரரின் ரீட்ரெடிங் பட்டறைக்குப் போனாய். அவர் ஊர் ஊராகப் போய்த் தேய்ந்த டயர் வாங்கி வருவார். பட்டறை முழுக்க உன் கையில் இருந்தது. நான் பிசியோதெரபி டாக்டரிடம் பயிற்சி எடுத்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் போலியோ பிள்ளைகளுக்கான இந்த இல்லத்தில் சேர்ந்தேன். வாரத்தில் ஒருநாள் நானாவது அங்கே வருவேன், நீயாவது இங்கே வருவாய். பட்டறையில் உட்கார்ந்து பேச வேண்டுமானால் பஃபிங் மெஷினை நிறுத்த வேண்டும். பழைய டயரின் மேல்தோலைச் சீவித் தள்ளுகிற அந்த மெஷின் நின்றாலும், அது கிளப்பிய கறுப்புத் தூள் செத்த நேரம் காற்றில் நிற்கும். நாம் அதற்குள்தான் பேசினோம்.

செல்வியை நீ மறந்திருக்க மாட்டாய். சோழபுரத்துப் பிள்ளை, ஏழு வயது, இரண்டு காலிலும் காலைத் தாங்கும் இரும்புக் காலிபர். கைக்கம்பியைப் பிடித்து நடந்து பழகும்போது கை நழுவி சிமெண்டுத் தரையில் குப்புற விழுந்தாள். முன்பல் இரண்டும் உடைந்தன. அதைவிட, அதன் பிறகு கம்பிப் பக்கமே வர மறுத்தாள். தூக்கிக்கொண்டு போனால் என் தோளைக் கடித்தாள். கயிற்றுப்பாய் விரித்துப் பார்த்தேன். காலிபர் நுனி சிக்கி இன்னும் மோசமாக விழுந்தார்கள். நுரைமெத்தை போட்டேன், இரண்டே மாதத்தில் கிழிந்து, மூத்திரத்தை உறிஞ்சி நாறியது.

இதை நான் உன்னிடம் சொன்ன அன்று நீ எழுந்து போய், மூலையில் கிடந்த சாக்கை என் பக்கம் காலால் தள்ளினாய். உள்ளே பஸ் டயரைச் சீவிய தூள், துருவிய தேங்காய் மாதிரி நீளநீளமாக.

"இதுல குதிச்சுப் பாரு" என்றாய்.

குதித்தேன். முழங்கால் வரை புதைந்தேன்.

"இத ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வச்சுத் தரையா ஊத்திட்டா? எந்தப் பிள்ளைக்கும் பல்லு போகாது."

எதை வைத்து ஒட்டுவது என்பதில்தான் நம் சண்டை தொடங்கியது. அதற்கு முன்னால் எந்த ரப்பர் என்பதை நீயே முடிவு செய்துவிட்டாய். மாட்டுவண்டி டயர் வேண்டாம், அது வெயிலில் கிடந்து செத்துப்போன ரப்பர் என்றாய். முழு டயரையும் அரைத்த தூள் வேண்டவே வேண்டாம், அதில் கம்பி கலந்திருக்கும் என்றாய். பஸ் டயரின் மேல்தோலைச் சீவியது மட்டும்தான் ஆகும். அதிலும் உனக்கு நம்பிக்கை இல்லை. உடைந்த ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றி எடுத்து, ஒவ்வொரு சாக்கையும் தார்ப்பாயில் கொட்டி, காந்தத்தை மேலே ஓட்டினாய். "நடக்கிற பிள்ளை சரி. தவழுற பிள்ளை உள்ளங்கையில ஏறுனா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டாய். ஊசி முனையளவு இரும்பு ஏழெட்டுக் கிடைத்தது. அவற்றைத் தாளில் மடித்து எனக்குக் காட்டினாய்.

ஒட்டுகிற பொருளுக்கு நம்மிடம் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து வரும் ரப்பர் பால். இன்னொன்று, டின்னில் வரும் பைண்டர். தேன் மாதிரிக் கெட்டியாக, காற்றின் ஈரத்தைக் குடித்தே இறுகும். பட்டறைச் சுவரோரம் நான்கு சதுரங்கள் ஊற்றினோம், இரண்டு பாலில், இரண்டு பைண்டரில். இல்லத்தில் தரை கழுவுகிற பினாயில் தண்ணீரைத் தினமும் நான்கின் மேலும் ஊற்றினாய். பிள்ளைகள் போட்டுக் கழித்த காலிபர் பூட்ஸ் ஒன்றை உலக்கையில் கட்டி, காலையில் அடுப்பில் பால் பொங்குகிற வரை அந்தச் சதுரங்களைக் குத்துவாய். டயர் கொண்டு வந்த லாரி டிரைவர்கள் உனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று உன் வீட்டுக்காரரிடம் விசாரித்தார்களாம்.

இரண்டரை மாதத்தில் பால் ஊற்றிய சதுரங்கள் ஓரத்திலிருந்து உதிர்ந்தன. கையால் கிள்ளினால் உப்புமா மாதிரி வந்தது. பைண்டர் சதுரங்கள் இரண்டும் அப்படியே இருந்தன. குத்திய இடத்தில் தடம்கூட இல்லை. எனக்குச் சந்தேகமே இல்லை. நீதான் தலையை ஆட்டினாய்.

"பாலுல இன்னொரு தடவை செஞ்சு பாப்போம்டி. கொஞ்சம் கெட்டியா."

"எதுக்கு? அதான் உதிருதே."

"அந்த மருந்து வேண்டாம். அது இறுகுற வரைக்கும் வாடை நெஞ்சுலயே நிக்குது. அன்னைக்குக் கலக்குன பொறவு ரெண்டு நாள் எனக்கு மூச்சு எறங்கல."

நான் சொன்ன பதில் எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. "ரெண்டு நாள் வாடை. பொறவு பத்து வருசம் தரை. செல்விய நெனச்சுப் பாரு."

நீ கோபத்தில் தெலுங்கில் ஏதோ சொன்னாய். உன் வீட்டு மொழி எனக்குப் புரியாது என்பதால் கோபம் வந்தால் அதில்தான் பேசுவாய். நான் பஸ் ஏறிவிட்டேன். மறுநாள் காலை பத்து மணிக்கு இல்லத்து வாசலில் உன் வேன் நின்றது. உள்ளே தூள் சாக்குகள், பைண்டர் டின்கள், கரண்டியில் ஒட்டாமல் இருக்க டீசல் கேன், முன்சீட்டில் கொத்தனார் சவரிமுத்து. "ஊத்திருவோம்" என்றாய். ஏன் மனம் மாறினாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி மாறிவிடுவாயோ என்று பயந்தேன்.

மூன்று நாள் வேலை. ஐந்து பங்கு தூளுக்கு ஒரு பங்கு பைண்டர், எல்லாம் நிறுத்துப் போட வேண்டும். அளவை வேறு யாரிடமும் விடமாட்டேன் என்று நீயே கலந்தாய். சவரிமுத்து இரண்டு விரல் கனத்துக்கு இழுத்துத் தேய்த்தார். நான் டீசல் துணியால் கரண்டி துடைத்துக் கொடுத்தேன், பிள்ளைகளைக் கவனிக்க உள்ளும் வெளியுமாக ஓடினேன். முகத்தில் முந்தானையைச் சுற்றிக் கட்டிக்கொண்டோம். அது போதும் என்று நினைத்தோம். டின்னின் மேல் ஆங்கிலத்தில் ஏதோ எச்சரிக்கை இருந்தது. நம் இரண்டு பேருக்கும் ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும்.

இரண்டாம் நாள் மத்தியானம் சாரல் அடித்தது. ஐப்பசி மாதம், அடிக்காமல் இருக்குமா. மேற்கு ஜன்னல் வழியாக நாலு துளி விழுந்த இடத்தில் கலவை ஊத்தப்பம் போலப் பொங்கிக் குமிழி விட்டது. சவரிமுத்து அந்த இடத்தைச் சுரண்டி எடுத்தார். ஜன்னல்கள் நான்கும் சாத்தப்பட்டன. அந்த மூடிய அறையில் நீ மாலைவரை முழங்காலில் இருந்தபடியே கலந்தாய்.

'சாத்தப்பட்டன' என்று எழுதியிருக்கிறேன், பார்த்தாயா. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

தரை நின்றது. செல்வி முதல்நாள் அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தாள். பிறகு கம்பியைப் பிடித்து எழுந்து நின்று, வேண்டுமென்றே கையை விட்டு விழுந்தாள். மறுபடி எழுந்து மறுபடி விழுந்தாள். அன்று மாலைக்குள் எல்லாப் பிள்ளைகளும் விழுந்து விளையாடினார்கள். நீ வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இதுக்குத்தானா இம்புட்டுப் பாடு" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிக்கொண்டாய். ஏழு வருடமாகிறது. வாசல் ஓரத்தில் கை அகலத்துக்கு இரண்டு இடம் தேய்ந்திருக்கிறது. மற்றபடி அப்படியே இருக்கிறது. செல்வி ஒற்றைக் கம்போடு நடந்து சோழபுரத்தில் பள்ளிக்கூடம் போகிறாள்.

தரை ஊற்றி மூன்று வாரம் கழித்து உனக்கு மூச்சுத்திணறல் வந்தது. முதலில் விடிகாலையில் மட்டும். பிறகு மெஷின் பக்கம் போனாலே. ராஜபாளையத்து டாக்டர் நீ என்னென்ன வேலை பார்த்தாய் என்று கேட்டார். நீ பேண்டேஜ் கம்பெனியைச் சொன்னாய், டயர்த் தூளைச் சொன்னாய். நான் பக்கத்தில் நின்று, தரையையும் சொல் என்று உன் கையைக் கிள்ளினேன். நீ சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். மதுரையில் பெரிய டாக்டர் படமெல்லாம் பார்த்துவிட்டு, "இந்த நெஞ்சு ரொம்ப வருசமா பல தூசியைப் பாத்திருக்கு. ஒண்ணை மட்டும் காரணம்னு என்னால சொல்ல முடியாது. நீங்க சொல்ற அந்த மருந்தும் இருக்கலாம். அது இல்லாமலும் இப்படி வரும்" என்றார். அதே அறையில் அதே காற்றை நானும்தான் இழுத்தேன். எனக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. அது ஏன் என்றும் அவரிடம் கேட்டேன். ஒவ்வொரு உடம்பு ஒவ்வொரு மாதிரி என்றார். அதை ஒரு பதிலாக எடுத்துக்கொள்ள எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

கடைசியாக நீ மதுரை ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு மத்தியானம் நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு நான் ஜன்னல சாத்தாம இருந்திருந்தா..."

நீ கண்ணைத் திறந்து பார்த்தாய். "ஜன்னல நீ எங்க சாத்துன? நான்தான் சாத்துனேன்."

"இல்லடி. நான் சாத்துனேன். கொக்கி துருப்பிடிச்சிருந்துச்சு. எங் கையெல்லாம் துரு."

"நீ அப்ப பிள்ளைகளுக்குச் சோறு போடப் போயிருந்த. வரும்போது எல்லாம் சாத்திக் கெடந்துச்சு. ஏன் சாத்துனன்னு எங்கிட்டக் கேட்ட."

"நான் கேக்கவே இல்ல."

"கேட்ட. உனக்கு எதத்தான் ஒழுங்கா ஞாபகம் இருந்துச்சு? ஆரஞ்சக் குடு."

அதற்குமேல் உனக்குப் பேச மூச்சு இல்லை. நான் ஊட்டினேன், நீ மென்றாய். எட்டு நாள் கழித்து உன் வீட்டுக்காரரிடமிருந்து ஆள் வந்தது.

என் விரலில் துரு இருந்தது எனக்குத் தெரியும். அந்தப் பழுப்பு நிறம்கூடத் தெரியும். ஆனால் அந்தக் கொக்கிகளை நான் எத்தனையோ மழைக்குச் சாத்தியிருக்கிறேன். எந்த மழையின் துரு அது? நீ எனக்காகப் பொய் சொன்னாயா? நிஜமாகவே நீதான் சாத்தினாயா? உன்னைப் பற்றி எனக்கு எவ்வளவோ தெரியும், இது மட்டும் பிடிபடவில்லை. வேண்டுமானால் முகத்தை மாற்றாமல் பொய் சொல்லக்கூடியவள் நீ. நான் தப்பாகச் சொன்னால் விடாமல் திருத்துகிறவளும் நீதான்.

உன் காரியம் முடிந்து சில மாதம் கழித்து உன் வீட்டுக்காரரிடம் வேறொன்றைக் கேட்டேன். நாம் சண்டை போட்ட மறுநாளே அத்தனை டின் பைண்டர் எப்படி வந்தது என்று. "அந்த டின்னா? அது சண்டைக்கு ஒரு வாரம் முன்னாடியே வந்து கெடந்துச்சே. அவதான் சொல்லி அனுப்பி வரவழைச்சா" என்றார். அப்படியானால் என்னோடு ஏன் சண்டை போட்டாய்? நீயே முடிவு செய்துவிட்ட ஒன்றை வேண்டாம் என்று என்னிடம் ஏன் சொன்னாய்? நான் தடுக்க வேண்டும் என்று எதிர்பார்த்தாயா? அல்லது உன் வீட்டுக்காரர் என் மனசு ஆறட்டும் என்று அப்படிச் சொன்னாரா? எல்லோரும் என்னிடம் அன்பாக இருக்கிறார்கள். அதனாலேயே யார் சொல்வதையும் என்னால் நம்ப முடியவில்லை.

இப்போது இந்த இரண்டு துண்டுகள். சதுர ஓட்டைத் தேர்ந்தெடுத்தால், உன்னைக் கொன்றது நான் கேட்ட தரைதான் என்று நானே ஒத்துக்கொள்வதுபோல் இருக்கிறது. ஊற்றும் தரையைத் தேர்ந்தெடுத்தால், உன் மூச்சுக்கும் அதற்கும் ஒன்றுமில்லை என்று கையைக் கழுவுவதுபோல் இருக்கிறது. ராத்திரியெல்லாம் இதையே புரட்டிவிட்டு, காலையில் எழுந்து உன் வழியில் பார்க்கலாம் என்று நினைத்தேன். ஓட்டின் ஓரத்தில் காலிபர் நுனியைச் செருகி நெம்பினேன். ஒட்டியிருந்த பலகையிலிருந்து மூலை தூக்கிக்கொண்டது. தினமும் பினாயில் ஊற்றினால் ஆறு மாதத்தில் எல்லா மூலையும் தூக்கும். ஒவ்வொரு மூலையும் ஒரு பிள்ளையைத் தடுக்கிவிடும். அதனால் ஊற்றும் தரை என்று செயலாளரிடம் சொன்னேன். இரண்டு நிபந்தனை போட்டேன். புதுக் கட்டடத்தில் ஜன்னல்களுக்குக் கதவு மாட்டும் முன்பே தரையை ஊற்றிவிட வேண்டும், அதுவும் பங்குனியில். கலக்குகிறவருக்கு மருந்து வாடையை வடிகட்டும் குப்பி வைத்த முகமூடி வந்தால்தான் டின்னைத் திறக்க வேண்டும்.

"தரை போட்ட பொறவு தச்சர் வந்தா தரை அழுக்காயிருமே" என்றார் செயலாளர்.

"ஆகட்டும்" என்றேன்.

அங்கிருந்து புதுக் கட்டடத்துக்குப் போனேன். சவரிமுத்து சாரத்தில் நின்று பூசிக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் அவரிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றாதது எப்படி என்றும் தெரியவில்லை. அவருக்கு என்மேல் பிரியமும் இல்லை, கோபமும் இல்லை. அவர் பொய் சொல்லத் தேவையே இல்லை. கீழே நின்று கேட்டேன்.

"அண்ணே, அந்தப் பழைய ரூமுக்குத் தரை ஊத்துன அன்னைக்கு ஜன்னல சாத்துனது யாரு?"

"ஜன்னலா?" என்று கரண்டியைச் சட்டியில் வைத்தார். "அத யாரு கண்டா? எனக்குக் குனிஞ்ச தல நிமிரல. சாத்தியிருந்துச்சா என்ன?"

நான் திரும்பி நடந்தேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் இருக்குக்கா. அன்னைக்குச் சாயந்தரம் நீங்க ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே இருந்தீய. அந்தம்மா சிரிப்புத் தாங்க முடியாம டின்னு மேலயே உக்காந்துட்டாவ. ஊத்துன கலவை இறுகிருமேன்னு எனக்குக் கடுப்பு. இவியளுக்கு என்ன வந்துச்சுன்னு பாத்துக்கிட்டே நின்னேன்."

"எதுக்குச் சிரிச்சோம்?"

"அது எனக்கெங்க தெரியும்? அவிய தெலுங்குல என்னமோ சொன்னாவ. நீங்களும் சேந்து சிரிச்சீய."

வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். எவ்வளவு தேடியும் அந்தச் சிரிப்பு எனக்குக் கிடைக்கவில்லை. அறை இருக்கிறது, சாரல் இருக்கிறது, முந்தானைக்கு மேலே உன் கண்கள் இருக்கின்றன. சத்தம் மட்டும் இல்லை. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. இனி நான் சுமக்கப்போவது ஜன்னலை அல்ல, இந்தச் சிரிப்பைத்தான் என்று நினைக்கிறேன். எனக்குத் தெலுங்கில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. நீ என்ன சொன்னாய், எது புரிந்து நான் உன்னோடு சேர்ந்து சிரித்தேன்?